கேள்வி பதில்: பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும் தூரத்துத் தீவுகளும்

கேள்வி: அக்கா, நான் லண்டனில் பிறந்தவன். கேமன் தீவில் கணக்கர் வேலை கிடைத்திருக்கிறது. அதுவும் பிரிட்டனுடையதுதானே, அனுமதி எதற்கு?

பதில்: தம்பி, வேலை அனுமதி கைக்கு வராமல் கிளம்பாதீர்கள். சுற்றிப் பார்க்க விசா வேண்டாம். தங்கி வேலை செய்வது வேறு. பிரிட்டனின் கடல்கடந்த பிரதேசம் ஒவ்வொன்றுக்கும் தனிக் குடிவரவுச் சட்டம் உண்டு. உங்களுக்கு வேலை தரும் நிறுவனம்தான் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

கேள்வி: ஆனால் தீவுக்காரர்கள் மட்டும் பிரிட்டனில் வந்து குடியேறலாமாம். இது நியாயமா?

பதில்: நியாயம்தான் என்பேன். தென் அட்லாண்டிக்கில் இருக்கும் செயின்ட் ஹெலினா தீவில் மொத்தமே நாலாயிரத்துச் சொச்சம் பேர். யாரும் வந்து குடியேறலாம் என்றால் அந்த ஊர் தாங்காது. அவர்களுக்கும் இந்த உரிமை சும்மா வரவில்லை. இங்கிலாந்தில் பிறந்தவருக்குள்ள உரிமைகள் அந்தத் தீவு மக்களுக்கும் உண்டு என்று 1673இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் சாசனம் கொடுத்தார். 1981 பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டமோ அவர்களைச் 'சார்புப் பிரதேசக் குடிமக்கள்' ஆக்கி, பிரிட்டனில் வாழும் உரிமை இல்லாமல் விட்டது. அர்ஜென்டினாவோடு நடந்த ஃபாக்லாந்து போர் முடிந்த மறு ஆண்டே, 1983இல், ஃபாக்லாந்துக்காரர்களுக்கு முழுக் குடியுரிமை கிடைத்தது. செயின்ட் ஹெலினா 2002 மே 21 வரை காத்திருந்தது. 1502இல் அந்தத் தீவு கண்டுபிடிக்கப்பட்டதாகக் கொண்டாடும் நாளும் அதுதான். அன்று எல்லாப் பிரதேசத்தாருக்கும் முழுக் குடியுரிமை வந்தது, சைப்ரஸில் உள்ள பிரிட்டிஷ் ராணுவத் தளங்களோடு மட்டும் தொடர்புள்ளவர்களைத் தவிர.

கேள்வி: நண்பர் பெர்முடாக்காரர், அதுவும் பிரிட்டிஷ் பிரதேசம்தான். பெர்முடா பாஸ்போர்ட்டைக் காட்டி லண்டனில் வேலைக்குச் சேரலாமா?

பதில்: அவருக்கு உரிமை இருக்கலாம், அந்தப் பாஸ்போர்ட் அதைக் காட்டாது. படம் உள்ள பக்கத்தில் தேசியக் குறியீட்டைப் பாருங்கள். ஜிபிடி (GBD) என்றால் பிரதேசக் குடிமகன், ஜிபிஆர் (GBR) என்றால் பிரிட்டிஷ் குடிமகன். இரண்டாவதற்கும் விண்ணப்பித்து வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இந்தியப் பெருங்கடலில் பிரிட்டன் வசமுள்ள டியேகோ கார்சியா தீவுக்குப் படகில் போய்ச் சேர்ந்தால் பிரிட்டனில் தஞ்சம் கிடைக்குமா? ஊரில் ஒருவர் கேட்கிறார்.

பதில்: தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். கனடாவுக்குப் புறப்பட்ட நம் ஈழத்துச் சனம் 2021 அக்டோபரில் அங்கே கரையேற்றப்பட்டது. பிள்ளை குட்டிகளோடு மூன்று வருடத்துக்கு மேல் எலி ஓடும் கூடாரத்தில் கிடந்தார்கள். அகதிகள் உடன்படிக்கை அந்தத் தீவுக்குச் செல்லாது என்று பிரிட்டன் சொல்லிவிட்டது. 2024 டிசம்பரில்தான் அது சட்டவிரோதத் தடுத்துவைப்பு என்று அந்தப் பிரதேசத்தின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே மாதம் பெரும்பாலானோர் பிரிட்டனுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அந்த மூன்று வருடத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

கேள்வி: என் மனைவி மொரிஷியஸ்காரர். அவருடைய பாட்டி பிறந்தது அதே டியேகோ கார்சியாவில். ஏதாவது வழி உண்டா?

பதில்: உண்டு! அமெரிக்க ராணுவத் தளத்துக்காக 1968 முதல் 1973 வரை அந்தத் தீவு மக்களைப் பிரிட்டன் வெளியேற்றியது. அவர்களுடைய நேரடி வாரிசுகள் 2022 நவம்பர் 23 முதல் கட்டணமில்லாமல் பிரிட்டிஷ் குடியுரிமைக்குப் பதியலாம். அன்றைக்கே 18 வயது நிரம்பியவர்களுக்குக் கடைசி நாள் 2027 நவம்பர் 22. பாட்டி, அவருடைய பிள்ளை, உங்கள் மனைவி மூவரின் பிறப்புச் சான்றிதழ்களையும் இப்போதே தேடத் தொடங்குங்கள். பெயர் எழுத்து மாறியிருந்தால் அதைச் சரிக்கட்டவே மாதக்கணக்கில் ஆகிவிடும்.