கன்றுகள் ஈடாகுமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் பள்ளிச் சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு சிறு காடு இருக்கிறது. அதை அழித்து விளையாட்டுத் திடலாக்கப் போகிறார்கள். வெட்டும் மரங்களுக்கு இருமடங்காகச் சுவரோரம் கன்றுகள் நடுவார்களாம். பெற்றோருக்குப் பாம்பு பயம் வேறு. கூட்டத்தில் நான் ஆக்சிஜன், உடல்நலம் என்று பேசினேன். "அதைக் கன்றுகளும் தருமே" என்று முடித்துவிட்டார்கள். என்ன சொல்லியிருக்க வேண்டும்?

ஓர் அறிவியல் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

ஆக்சிஜனை நீங்கள் எடுத்திருக்கவே கூடாது. நாம் சுவாசிப்பது பல கோடி ஆண்டுகளாக வளிமண்டலத்தில் சேர்ந்தது; ஒரு துண்டுக் காட்டை நம்பி அது இல்லை. உடல்நலமும் அப்படித்தான். சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. பள்ளி நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் இருந்த முதல் வகுப்புப் பிள்ளைகளில், மூன்று ஆண்டுகளில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், மற்றவர்களில் 39.5. நல்ல செய்திதான். ஆனால் அதற்குத் திறந்த திடலே போதும். உங்கள் நிர்வாகம் அதைத்தானே அமைக்கப் போகிறது!

காடு போனால் எந்தப் பாடமெல்லாம் வெறும் படமாகிவிடும் என்று சொல்லுங்கள். அங்கே ஆல், அரசு, அத்தி ஏதாவது உண்டா? 'அத்தி பூத்தாற்போல' என்கிறோம். காய்க்கிற ஒவ்வொரு முறையும் அது பூத்துக்கொண்டுதான் இருக்கிறது. பிஞ்சை பிளேடால் பிளந்து லென்ஸில் பாருங்கள், உட்சுவர் முழுக்கப் பூ. பழுக்கும் தறுவாயில் பிளந்தால் ஓரிரு மில்லிமீட்டர் அளவே உள்ள குளவிகள் தடுமாறி வெளிவரும். இறக்கையில்லாத ஆண் பெரும்பாலும் பிறந்த காயிலேயே மடிந்துவிடும். பெண் மகரந்தத்தோடு பறந்து, தன் வகை மரத்தில் இளம்பிஞ்சைத் தேடிப் போகும். அதற்கு ஆயுள் ஓரிரு நாள்தான். சுவரோரத்துக் கன்று இதைக் காட்ட எத்தனை ஆண்டு ஆகும் என்று கூட்டத்தில் கேளுங்கள்.

அடுத்தது, விழுந்து கிடக்கும் கட்டை. குப்பை என்று முதலில் அப்புறப்படுத்துவது அதைத்தான். மெதுவாகப் புரட்டினால் அடியில் ஈரம், வெள்ளை நூல்போலப் பூஞ்சை இழைகள், சுருண்டுகொள்ளும் மரவட்டை, வெளிச்சம் பட்டதும் ஓடும் பூரான். விரலால் அழுத்தினால் மரம் பொடிகிறது. மரம் மட்கி மண்ணாகும் என்று புத்தகம் ஒரு வரியில் தாண்டிவிடுகிறது. ஆறாம் வகுப்பில் பார்த்த அதே கட்டையைப் பத்தாம் வகுப்பிலும் பார்க்கிற பிள்ளைக்குத்தான் அது எவ்வளவு நிதானமான வேலை என்று தெரியும். பார்த்தபின் கட்டையை இருந்தபடியே வைக்கச் சொல்லுங்கள். சிறுவயதில் நான் வைத்ததில்லை.

பாம்பு பயத்தைக் கேலி செய்யாதீர்கள், நியாயமான பயம் அது. நடைபாதையில் சருகு சேரவிடக் கூடாது. எல்லோருக்கும் மூடிய காலணி வேண்டும். பொந்தில் கைவிடக் கூடாது. கட்டையைப் புரட்டுவது பெரியவர்கள் வேலை, அதுவும் நீண்ட கொக்கியால், தம் பக்கமாக. அடியில் ஏதாவது இருந்தால் மறுபக்கமாகப் போய்விடும்.

திடலும் வேண்டியதுதான், இடத்தைத்தான் பேசித் தீர்க்க வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு காலையில் நிர்வாகத்தாரைக் காட்டுக்குள் அழைத்துப் போங்கள். நீங்கள் பேசாதீர்கள், பிள்ளைகள் காட்டட்டும். பிளேடையும் லென்ஸையும் மறந்துவிடாதீர்கள்.