சமத்துப் பிள்ளை

அன்புள்ள ஐயா,

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. ஐந்து வயது மகனுக்கு ரத்தப் புற்றுநோய், ஏ.எல்.எல். என்கிறார்கள். ஏழு மாதமாகச் சென்னையில் அறை எடுத்துத் தங்கி கீமோதெரபி கொடுக்கிறோம். இப்போது ரத்த அணுக்களின் கவுண்ட் நன்றாக இருக்கிறது. இனி நாட்டு மருந்து போதும், சம்பா அறுவடைக்கு ஊர் வந்துவிடுங்கள் என்கிறார் மாமியார். முடி ஏன் கொட்டியது என்று மகன் கேட்கிறான். என்ன சொல்வது? மூத்தவளுக்கு ஒன்பது வயது. திருவையாற்றில் என் அம்மாவிடம் இருக்கிறாள். சமத்து, அவளைப் பற்றிக் கவலை இல்லை.

க.

அன்புள்ள க.,

உங்கள் கடைசி வரி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. அதற்கு வருகிறேன்.

மாமியாரின் யோசனையை இன்றோடு விடுங்கள். கவுண்ட் சரியானால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பரிசோதனையில் அகப்படாத செல்கள் உள்ளே இருக்கும். அதனால்தான் இந்தச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீள்கிறது. நடுவில் நிறுத்துவது பிள்ளையைக் கொண்டுபோய் நோயிடமே ஒப்படைப்பது. நாட்டு மருந்து வேண்டும் என்பவரிடம் சொல்லுங்கள்: உங்கள் மகனுக்கு ஏறும் வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து நம் ஊர்க் கொல்லைகளில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுப்பதுதான். அதற்காக யாரும் இலையைக் கொதிக்கவைத்துக் கொடுத்துவிட வேண்டாம், அது விஷம். ஊருக்கு வரும் நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நடு இரவானாலும் மருத்துவரை அழைத்துவிட்டுக் கிளம்புங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

முடிக்கு உண்மையையே சொல்லுங்கள். மருந்தினால் கொட்டியது, மறுபடி முளைக்கும். வைத்தீஸ்வரன் கோயில் மொட்டை என்று கதை கட்ட வேண்டாம்.

இனி மூத்தவள். ஒன்பது வயதுப் பெண்ணைப் பற்றி உங்களுக்கு எப்படியம்மா கவலை இல்லாமல் போயிற்று?

1984 ஐப்பசியில் என் தம்பிக்கு இதே நோய். அவனுக்கு ஐந்து வயது, எனக்கு ஒன்பது. அப்பா ஆறு மா நிலத்தை விற்றார். அம்மாவும் அவனும் சென்னைக்குப் போனார்கள். என்னை அய்யம்பேட்டையில் அத்தை வீட்டில் விட்டார்கள். எல்லோரும் என்னைச் சமத்து என்றார்கள். உண்மையில் நான் பயந்துபோயிருந்தேன். தம்பிக்குக் காய்ச்சல் கண்டதற்கு முந்தைய வாரம், குடமுருட்டிப் படித்துறையில் அவனைத் தள்ளிவிட்டிருந்தேன். தண்ணீர் குடித்துவிட்டான். அதனால்தான் ரத்தம் கெட்டது என்று நம்பினேன். கேட்டால் சொல்ல வேண்டியிருக்குமே என்று எதையும் கேட்கவில்லை. இரண்டாவது சோறு கேட்கவில்லை, தீபாவளிக்குச் சட்டை கேட்கவில்லை. அதற்குத்தான் அந்தப் பெயர்.

மார்கழியில் ஒருநாள் அப்பா வந்தார். துண்டில் பினாயில் வாசனை. திண்ணையில் படுத்த உடனே தூங்கிவிட்டார். அந்தத் துண்டின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு பக்கத்தில் படுத்திருந்தேன். 'நான் தள்ளியதால்தானா அப்பா?' இந்த மூன்று வார்த்தைகளை விடியும்வரை வாய்க்குள் வைத்திருந்தேன். முதல் பஸ்ஸுக்கு அவர் எழுந்தபோது நுனியை விட்டுவிட்டேன்.

தம்பி பிழைத்தான். போன வருடம் தன் பெண்ணுக்குக் கல்யாணம் செய்தான். படித்துறை விஷயத்தை இன்றுவரை அவனிடம் சொன்னதில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை, அவர் போய்விட்டார்.

உங்கள் மகளும் ஏதாவது ஒன்றை வாய்க்குள் வைத்திருப்பாள். எதற்கோ சாபம் கொடுத்திருப்பாள், பென்சிலைப் பிடுங்கியிருப்பாள். அவளாகச் சொல்லமாட்டாள். இது யார் செய்ததாலும் வந்ததல்ல, தொற்றுவதுமல்ல என்று நீங்களே, உங்கள் வாயால் சொல்ல வேண்டும். பாட்டி சொன்னால் போதாது. மருத்துவர் சம்மதிக்கும் நாளில் அவளைச் சென்னைக்கு அழைத்து வந்து தம்பியைக் காட்டுங்கள். பெரும்பாலும் மாத்திரையே கொடுக்கும் கட்டம் வந்து எல்லோரும் வீடு திரும்பியதும், கொடுத்த நாளைக் காலண்டரில் குறித்துவைக்கும் வேலையை அவளுக்குக் கொடுங்கள்.

நேரமில்லை என்று எழுதிவிடாதீர்கள். எனக்கு எழுதிய நேரத்தில் அவளுக்கு போன் செய்திருக்கலாம்.

இன்று மாலை கூப்பிடுங்கள். தம்பி எப்படி இருக்கிறான் என்றுதான் முதலில் கேட்பாள். சொல்லுங்கள். சொல்லிவிட்டு போனை வைத்துவிடாமல், மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள்.