வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராமால் பிள்ளைகளின் நட்பு கெடுகிறதா?

கெடுகிறது என்று ஒரே போடாகப் போட முடியாது. வியாசர்பாடியில் ஃபுட்பால் ஆடும் பையன்களைப் பாருங்கள். "அஞ்சு மணிக்கு கிரவுண்டு, ஷூ எடுத்துட்டு வா" என்று குரூப்பில் ஒரு வாய்ஸ் நோட் போனால் போதும், ஆள் சேர்ந்துவிடும். நேரில் பழகுகிறவர்களுக்கு இது நட்பை இறுக்கத்தான் செய்கிறது. வீடு மாறிப் பெரும்பாக்கம் போனவனும் இதனால்தான் தொடர்பில் இருக்கிறான்.

சிக்கல் சண்டையில்தான். நேரில் "போடா லூசு" என்றால் முகத்தில் சிரிப்பு தெரியும், எழுத்தில் தெரியாது. 2014-ல் வாட்ஸ்அப்பில், மெசேஜைப் பார்த்தாச்சு என்று காட்டும் நீல டிக் வந்தது. "பார்த்துட்டும் பதில் போடல" என்ற மனக்கசப்பும் கூடவே வந்தது. செட்டிங்ஸில் அந்த டிக்கை அணைக்கலாம், ஆனால் குரூப்பில் முடியாது. அப்புறம், தன்னை விட்டுவிட்டு மற்றவர்கள் காசிமேட்டில் மீன் வறுவல் சாப்பிடும் இன்ஸ்டாகிராம் ஸ்டோரி. முன்பெல்லாம் அது தெரியாமலே போயிருக்கும். கோபமாக இருந்தால் டைப் பண்ணாமல் போன் போட்டுப் பேசச் சொல்லுங்கள், பாதி அங்கேயே இறங்கிவிடும்.

பெண் பிள்ளைகளின் கதை வேறு. இருட்டிய பிறகு தெருவில் நின்று பேசப் பல வீடுகளில் விடமாட்டார்கள். அவர்களுக்குப் போன்தான் திண்ணை. அதையும் பிடுங்கி வைத்தால் பேச்சே நின்றுபோகும்.