அமெரிக்கப் பெருநகரங்களில் குடியேறியவர்கள் ஏன் உள்ளூர் மக்களோடு கலக்காமல் தனித்தனிக் கூட்டமாகவே வாழ்கிறார்கள்?

ஒரு வாரம் நியூயார்க்கைச் சுற்றிவிட்டு, ஜாக்சன் ஹைட்ஸில் தோசை சாப்பிட்டு, "எங்க பார்த்தாலும் நம்ம ஆளுங்கதான்" என்று ஊர் திரும்பியவர் நீங்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். தப்பாக நினைக்க வேண்டாம், என் மச்சானும் இதையேதான் கேட்டார்.

நான் நியூயார்க் நகரத்தின் குயின்ஸ் பகுதியில், எல்ம்ஹர்ஸ்ட் பக்கம் வாடகைக்கு இருக்கிறேன். குயின்ஸில் ஏறக்குறையப் பாதிப் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். இதில் யாரை உள்ளூர்க்காரர் என்று கை காட்டுவது? எங்கள் கட்டடத்தில் ரொம்பப் பழைய ஆள் மூன்றாம் மாடி இத்தாலியப் பாட்டி. அந்த இத்தாலியர்களையே ஆண்டுக்கு நாலாயிரம் பேர்கூட உள்ளே வர முடியாதபடி 1924-ல் சட்டம் போட்டுத் தடுத்த நாடு இது. நாட்டுவாரி கோட்டாவை ஒழிக்க 1965-ல் சட்டம் வந்த பிறகுதான் நம்மவர்கள் பெருவாரியாக வந்தார்கள். 1977-ல் இதே குயின்ஸில் உள்ள ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்குக் கும்பாபிஷேகமே நடந்துவிட்டது.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஒரு ஜனவரியில் எங்கள் கட்டடத்தில் ஹீட் நின்றுவிட்டது. அக்டோபர் முதல் மே வரை, வெளியே 55 டிகிரிக்குக் கீழே போனால் பகலில் வீட்டுக்குள் 68 டிகிரியாவது இருக்க வேண்டும் என்பது இந்த நகரத்தின் சட்டம் (ஃபாரன்ஹீட்தான், பதறாதீர்கள்). எங்கள் ரேடியேட்டர் ஐஸ் கட்டி மாதிரி கிடந்தது. கட்டடத்தைப் பராமரிக்கும் சூப்பரைக் கேட்டால் "பாய்லருக்கு பார்ட் வரணும்" என்பார். ஓனர் போனையே எடுக்க மாட்டார்.

ஓனர் இந்தியர். எந்த மாநிலம் என்று சொல்ல மாட்டேன், கீழே கமெண்டில் சண்டை வரும்.

ஐந்தாம் மாடி ஈக்வடார்க்காரர் கட்டட வேலை செய்பவர், விவரமானவர். தபால் பெட்டிகளுக்கு மேலே ஒரு தாளை ஒட்டினார். வீட்டு எண், தேதி, மணி, டிகிரி. ஆளுக்கொரு தெர்மாமீட்டர். தாளின் தலைப்பை அவர் ஸ்பானிஷில் எழுத, பக்கத்து வீட்டுப் பெண் வங்காளத்தில் எழுத, சீனக் குடும்பத்துப் பையன் சீனத்தில் எழுதினான். என் பங்குக்கு நான் தினமும் நகர நிர்வாகத்தின் 311 என்ற எண்ணுக்கு போன் போட்டு, புகார் எண்களைச் சிவப்பு மையில் ஓரத்தில் குறித்தேன். பாட்டி இரண்டு ஸ்வெட்டரோடு இறங்கி வந்து, "52" என்று பெரிதாக எழுதிவிட்டு, இத்தாலிய மொழியில் ஏதோ திட்டிவிட்டுப் போவார். அதற்கு நெருக்கமான ஸ்பானிஷ் தெரிந்தவர்கள் சிரித்ததை வைத்து, நல்ல வார்த்தை இல்லை என்று தெரிந்தது.

அந்தத் தாளோடு குயின்ஸின் ஜமைக்கா பகுதியில் உள்ள ஹவுசிங் கோர்ட்டுக்குச் சேர்ந்தே போனோம். வராந்தாவில் ஓனர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "நாமெல்லாம் இந்தியர்கள். நீங்கள் போய் இவர்களோடு சேரலாமா?" என்றார். குளிரில் என் மகள் கோட்டோடு தூங்கினபோது இந்த இந்தியர் எங்கே போனார்? நான் பதில் சொல்லாமல் ஈக்வடார்க்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஜட்ஜ் கெடு விதித்தார், பாய்லர் மாறியது.

ஒரு கட்டடத்தை வைத்து அமெரிக்காவையே அளக்கிறான் என்று கிளம்பி வருவார்கள். மற்ற ஊர்க் கதை எனக்கு வேண்டாம். இன்றைக்கும் அவரவர் வீட்டில் அவரவர் சமையல், ஞாயிற்றுக்கிழமை அவரவர் கோயில், சர்ச், மசூதிதான். அதை வைத்து நாங்கள் கலக்கவில்லை என்றால் எப்படி?

உண்மையில் எனக்கு ஒட்டாமல் இருப்பது நம்மவர்களோடுதான். இந்தப் பக்கத்துத் தமிழ் விழா பாதிக்கு மேல் நியூ ஜெர்சியில். எடிசனில் ஸ்டேஷனிலிருந்து நாலு மைல் தள்ளி ஒரு பள்ளிக்கூட அரங்கம் பிடிப்பார்கள். கார் இல்லாதவன் எப்படி வருவான் என்று கேட்டால், "யாராவது கார்ல லிஃப்ட் தருவாங்க, குரூப்ல போடுங்க" என்பார்கள். போட்டால் நாலு கட்டைவிரல் வரும், கார் வராது. இந்த வருடப் பொங்கல் விழாவும் எடிசன்தானாம். ஒரு தடவை ஃப்ளஷிங் கோயில் பக்கம் வைத்தால் என்ன, 7-ம் நம்பர் சப்வே ரயிலில் நாங்களே வந்துவிடுவோமே?