வழக்காடியவர் ஏன் ஓட்டுக் கேட்கிறார்?

(நியூயார்க் குயின்ஸில் குடியேற்ற வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கொலம்பியாவில் பிறந்த கட்டலினா குரூஸ், வழக்கறிஞராக இருந்து நியூயார்க் சட்டமன்றத்துக்குப் போனவர் என்று படித்தேன். குடியேற்றச் சட்டம் மொத்தமும் வாஷிங்டன் கையில்தானே? மாநிலச் சட்டமன்றத்தில் உட்கார்ந்து என்ன கிழிக்க முடியும் மேடம்?
- வாசகர், எடிசன்

விசா, கிரீன் கார்டு, நாடுகடத்தல் இந்த மூன்றிலும் மாநிலத் தலைநகர் ஆல்பனியில் இருப்பவர்களால் துரும்பைக்கூட அசைக்க முடியாது. அரிசோனா மாநிலம் 2010-ல் தானே ஒரு குடியேற்றச் சட்டம் போட்டுப் பார்த்தது. வழக்குக்கு வந்த நான்கு பிரிவுகளில் மூன்றை உச்ச நீதிமன்றம் 2012-ல் ரத்து செய்தது.

ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு வினை ஆரம்பிப்பது காரில். பின்விளக்கு எரியவில்லை என்று போலீஸ் நிறுத்தும். லைசென்ஸ் இருக்காது. கைது, கைரேகை. அந்த ரேகை மத்திய அரசின் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் குடும்பத்தார் வக்கீலைத் தேடுவார்கள். குடியுரிமை நிலை என்னவாக இருந்தாலும் லைசென்ஸ் வாங்கலாம் என்று நியூயார்க் 2019-ல் சட்டம் போட்டது. அந்த ஒரு சட்டம் தடுத்த வழக்குகளை நான் ஆயுசுக்கும் வாதாடித் தீர்க்க முடியாது.

அடுத்தது 2020 சட்டம். நீதிபதியின் வாரண்ட் இல்லாமல், மாநில நீதிமன்றத்துக்கு வருகிறவரைக் குடியேற்ற அதிகாரிகள் வாசலில் மடக்கக் கூடாது என்கிறது. கணவனிடம் அடி வாங்கிய பெண் பயமில்லாமல் குடும்ப நீதிமன்றப் படியேற வேண்டுமே, அதற்காக. மன்ஹாட்டனில் 26 ஃபெடரல் பிளாசாவில் நடக்கும் குடியேற்ற நீதிமன்றத்துக்கு இது செல்லாது. அது மத்திய அரசின் இடம்.

அங்கே இன்னொரு கொடுமை. வக்கீல் வைத்துக்கொள்ள வசதியில்லாதவருக்கு அரசு செலவில் வக்கீல் தரவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. குழந்தைக்கும் இதே விதிதான். காவலில் இருப்பவர்களுக்காக நியூயார்க் நகரம் 2013-ல் தன் பணத்தில் வக்கீல் வைக்கத் தொடங்கியது. அந்த உரிமையை மாநிலம் முழுவதற்கும் கேட்கும் மசோதாவைக் கீழவையில் கொண்டுவந்தவர் நீங்கள் சொன்ன குரூஸ்தான்.

பிரமிளா ஜெயபாலும் வக்கீல்தானே?
- வாசகர், டாலஸ்

இல்லை. சென்னையில் பிறந்து, 16 வயதில் படிக்க வந்தவர், எம்.பி.ஏ. படித்து நிதித்துறையில் இருந்தவர். 2001 தாக்குதலுக்குப் பின் சியாட்டிலில் குடியேறிகளுக்காக அமைப்பு தொடங்கினார். 2014-ல் வாஷிங்டன் மாநில செனட்டுக்கும், 2016-ல் நாடாளுமன்றத்துக்கும் தேர்வானார்.

மகள் சட்டம் படிக்கிறாள். குடியேறிகளுக்காக வாதாடிவிட்டு அப்படியே தேர்தலில் நிற்கப் போகிறாளாம். அவள் பிறந்தது மதுரையில். நடக்குமா?
- வாசகி, லாங் ஐலண்ட்

தாராளமாக நடக்கும் அம்மா. பிறப்பிலேயே குடியுரிமை இருக்க வேண்டும் என்பது ஜனாதிபதிக்கும் துணை ஜனாதிபதிக்கும்தான். நியூயார்க் சட்டமன்றத்துக்குக் குடியுரிமை வேண்டும். மாநிலத்தில் 5 வருடம், தொகுதியில் 12 மாதம் வசித்திருக்க வேண்டும்.

"அப்படியே" என்கிறாளே, அங்கேதான் இடிக்கிறது. குரூஸ் ஒன்பது வயதில் வந்து, பத்து வருடத்துக்கு மேல் குடியேற்றக் காகிதம் இல்லாமல் குயின்ஸில் வளர்ந்தவர். சட்டம் முடித்து, மாநிலத் தொழிலாளர் துறையில் இருந்து, நகர மன்ற உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தை நடத்திய பிறகே 2018 பிரைமரியில், அதாவது கட்சி வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் உட்கட்சித் தேர்தலில் நின்றார். பதவியில் இருந்தவரையே தோற்கடித்தார். எங்கள் பக்கம் ஜனநாயகக் கட்சி பிரைமரியில் ஜெயித்தால் நவம்பர் பொதுத்தேர்தல் வெறும் சடங்கு.

பிரைமரியில் நிற்க 500 கையெழுத்து வேண்டும். ஒரு தோழிக்காக நானும் அட்டையும் தாளுமாக அலைந்திருக்கிறேன். மார்ச் குளிரில் பேனா எழுதாது. கதவைத் திறப்பவர் கையுறையோடு நிற்பார். அவர் அதே கட்சியில் பதிந்தவராக, அதே தொகுதிக்காரராக இருக்க வேண்டும். முந்தின நாள் வேறு வேட்பாளருக்குப் போட்டிருந்தால் நம்முடையது செல்லாது. எதிரணி வக்கீல் ஒவ்வொரு வரியாகப் பிடித்துத் தட்டுவார். அதனால் 500 கேட்டால் ஆயிரத்துக்கு மேல் சேர்ப்பது வழக்கம்.

வக்கீல் படிப்பு இங்கே கொஞ்சம் இடைஞ்சலும்கூட. சட்டப் பிரிவு எண்ணோடு பேச ஆரம்பித்தால் கதவு சாத்திவிடும். அவர்களுக்கு வாடகை, குப்பை, பள்ளிக்கூடம். மகளை முதலில் ஒரு உறுப்பினரின் தொகுதி அலுவலகத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். எங்கள் தொகுதி வேட்பாளருக்கு 50 டாலர் தரலாமா?
- வாசகர், ஜாக்சன் ஹைட்ஸ்

கூடாது. வெளிநாட்டவர் வேட்பாளருக்குப் பணம் தரக்கூடாது என்ற மத்திய அரசின் தடை மாநிலத் தேர்தலுக்கும் பொருந்தும். கிரீன் கார்டு இருந்தால் தரலாம். நீங்கள் சம்பளம் வாங்காமல் துண்டுப்பிரசுரம் கொடுக்கலாம், போன் பேசலாம். ஓட்டு மட்டும் குடிமக்களுக்கே. லைசென்ஸ் படிவத்தில் வாக்காளர் பதிவுக்கு ஒரு கட்டம் இருக்கும். கைமறதியாகக்கூட அதில் டிக் போடாதீர்கள். குடிமகன் என்று பொய் சொன்னதாகப் பதிவானால், பின்னால் கிரீன் கார்டே கிடைக்காமல் போகலாம்.