அந்த மூன்று ரீடிங்குகளை என்ன செய்வது?

ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பிஎச்.டி. இரண்டாம் ஆண்டில் இருக்கிறாள். 24 ரீடிங் எடுத்ததில் 21 ஒரே கோட்டில் உட்காருகின்றன, மூன்று மட்டும் தள்ளி நிற்கின்றன. "அந்த மூன்றை விட்டுவிட்டு கிராஃப் போடு" என்று கைடு சொல்லிவிட்டார். அன்று முதல் அவளுக்குத் தூக்கமில்லை, படிப்பையே விட்டுவிடலாமா என்கிறாள். நீங்களோ, "மூணு புள்ளிதானே, எல்லாரும் செய்வதுதான், அனுசரித்துப் போம்மா" என்று சொல்லிவிட்டு, அப்படிச் சொன்னது சரிதானா என்ற உறுத்தலில் எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

அவள் இப்போதைக்குப் படிப்பை விட வேண்டாம். ஆனால் அனுசரித்துப் போகவும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது.

ரீடிங்கை நீக்குவதே குற்றம் என்று உங்கள் மகள் நினைக்கிறாள் போலிருக்கிறது. அப்படி இல்லை. கருவி பழுதாக இருந்த நாளில் எடுத்த அளவை நீக்கலாம், நீக்கத்தான் வேண்டும். ஏன் நீக்கினோம் என்று சொல்ல முடிகிறதா, அதைக் கட்டுரையில் எழுதுகிறோமா என்பதுதான் கேள்வி. அன்று வெப்பநிலை சென்சார் நழுவியிருந்தது, அன்றைய தேதியிட்டு நோட்டில் அது குறித்தும் இருக்கிறது என்றால் அந்த மூன்றும் போகலாம். "கோட்டில் வரவில்லை" என்பது மட்டுமே காரணம் என்றால் போகக் கூடாது. அந்தக் கோடு உண்மையில் நேர்கோடே இல்லை என்று சொல்வதற்காகவே அந்த மூன்று புள்ளிகள் அங்கே நிற்கலாம். இயற்கை அவளுக்குச் சொல்லவந்த புதுச் செய்தியே அதுவாக இருக்கலாம்.

2011-இல் ஓபெரா என்ற ஆய்வுக் குழுவுக்கு நியூட்ரினோ துகள்கள் ஒளியைவிட வேகமாக, சுமார் 60 நானோவினாடி முன்னதாக வந்துசேர்வதாக அளவு கிடைத்தது. இயற்பியலையே புரட்டிப்போடும் எண் அது. அவர்கள் அதை மறைக்கவில்லை, "எங்களுக்குக் காரணம் தெரியவில்லை, நீங்களும் பாருங்கள்" என்ற தொனியில் எல்லாருக்கும் முன்னால் வைத்தார்கள். சரியாகப் பொருத்தப்படாத ஓர் ஒளியிழை கேபிள்தான் முக்கியக் காரணம் என்று அடுத்த ஆண்டு தெரிந்தது, அதையும் அவர்களே சொன்னார்கள். அவர்களுக்குச் சங்கடமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அவர்கள் பொய் சொன்னதாக யாரும் சொல்ல முடியவில்லை.

ஆகவே மகள் கைடிடம் போய், "சார், நீங்கள் சொல்வது தவறு" என்று ஆரம்பிக்க வேண்டாம். இப்படிக் கேட்கட்டும்: "சார், இந்த மூன்றையும் எதற்காக நீக்கினோம் என்று கட்டுரையில் ஒரு வரி எழுதிவிடலாமா? அவற்றைச் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு கணக்கையும் போட்டுக் காட்டட்டுமா?"

எத்தனையோ மாணவர்களிடம் இந்தக் கேள்வியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். பெரும்பாலான கைடுகள் சற்று யோசித்துவிட்டு, "சரி, எழுது" என்பார்கள். சிலர், "அந்த மூன்றை இன்னொரு தடவை எடுத்துப் பார்" என்பார்கள். அதுதான் ஆகச் சிறந்த பதில். உங்கள் மகளின் கைடும் அவசரத்தில் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பார், அவ்வளவுதான். கட்டுரை எண்ணிக்கையை வைத்துப் பதவியும் நிதியும் தீர்மானமாகும் சூழலில் அவருக்கும் நெருக்கடி உண்டு. ஆனால், "எழுதக் கூடாது, யாருக்கும் தெரியக் கூடாது" என்று பதில் வந்தால், அப்போது விஷயம் வேறு. அந்தக் கட்டத்துக்குப் பிறகு வருகிறேன்.

"எல்லாரும் செய்வதுதான்" என்றீர்களே, அதைப் பற்றியும் பேசியாக வேண்டும். டேனியல் ஃபனெல்லி என்ற ஆய்வாளர், விஞ்ஞானிகளிடமே எடுத்த பல கருத்துக்கணிப்புகளைத் தொகுத்து 2009-இல் வெளியிட்டார். ஒரு முறையாவது தரவைப் புனைந்தோ திருத்தியோ இருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டவர்கள் சுமார் 2 சதவீதம். அதைவிடச் சிறிய தவறுகளை ஒப்புக்கொண்டவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரை. மனசுக்குச் சரியாகப் படவில்லை என்று புள்ளிகளைக் கழற்றிவிடுவதும் அந்தச் சிறிய தவறுகளில் ஒன்று. ஆக, நிறையப் பேர் செய்கிறார்கள் என்பது உண்மை. எல்லாரும் செய்வதில்லை என்பதும் அதே அளவு உண்மை. செய்யாத பக்கத்தில் ஆள் அதிகம், ஐயா. உங்கள் மகள் தனியாக இல்லை.

லேப்புக்கு வெளியே இருக்கும் நமக்கு இதில் என்ன என்று தோன்றலாம். 1998-இல் லான்செட் மருத்துவ இதழில், 12 குழந்தைகளை மட்டும் வைத்து ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் தலைமையில் ஒரு கட்டுரை வந்தது. தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான எம்எம்ஆர் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற சந்தேகத்தை அது கிளப்பியது. குழந்தைகளின் மருத்துவக் குறிப்புகளில் இருந்தது ஒன்று, கட்டுரையில் எழுதியது ஒன்று என்று பின்னால் தெரியவந்தது. அந்த இதழ் கட்டுரையை முழுவதுமாகத் திரும்பப் பெற்றது 2010-இல். பன்னிரண்டு வருடம்! அதற்குள் பிரிட்டனில் எத்தனையோ பெற்றோர் பயந்து ஊசியைத் தவிர்த்தார்கள். இங்கிலாந்தில் அந்தத் தடுப்பூசி போட்டுக்கொண்ட குழந்தைகள் ஒரு கட்டத்தில் சுமார் 80 சதவீதமாக இறங்கினார்கள், அடங்கியிருந்த தட்டம்மை மறுபடி பரவியது. கட்டுரை போன பிறகும் பயம் போகவில்லை, இன்றும் அதைச் சொல்லி ஊசி வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெற்றோர்களும் உங்களைப் போலவே பிள்ளைக்கு நல்லது செய்ய நினைத்தவர்கள்தானே? அச்சில் வந்ததை நம்பினார்கள். உங்கள் மகளின் கிராஃபையும் நாளைக்கு யாரோ ஒருவர் நம்பி, அதன் மேல் ஒன்றைக் கட்டுவார்.

இப்போது அவளைக் காப்பாற்றப்போகும் பொருளுக்கு வருகிறேன். அது லேப் நோட்டு. பக்க எண் போட்ட, தைத்த நோட்டு. அன்றன்றைக்கு, மறையாத பேனாவில், தேதியோடு எழுத வேண்டும். தவறாக எழுதிவிட்டால் ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். வெள்ளை மை பூசக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. கருவியிலிருந்து வந்த மூலக் கோப்பைத் தொடாமல் தனியாக வைத்துவிட்டு, நகலில்தான் கணக்குப் போட வேண்டும்.

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு யான் ஹென்ட்ரிக் ஷோன் நினைவுக்கு வருவார். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இயற்பியலின் இளம் நட்சத்திரம், சராசரியாக எட்டு நாளைக்கு ஒரு கட்டுரை என்று எழுதித் தள்ளியவர். வேறு வேறு சோதனைகள் என்று காட்டிய இரண்டு வரைபடங்களில் இரைச்சல் கூட, அதாவது அளவில் தற்செயலாக வரும் சிறு ஏற்ற இறக்கங்கள் கூட, அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்ததை மற்றவர்கள் கவனித்தார்கள். 2002-இல் விசாரணைக் குழு மூலத் தரவைக் கேட்டது. கணினியில் இடம் போதவில்லை, அழித்துவிட்டேன் என்றார். முறையான லேப் நோட்டும் இல்லை. பிறகு அவருடைய முனைவர் பட்டமே பறிக்கப்பட்டது. அந்தப் பொய்யைத் திரும்பச் செய்து பார்க்க முயன்று மாதக்கணக்கில் தோற்று, "எனக்குத்தான் கை வரவில்லை" என்று நொந்துபோன மாணவர்களை நினைத்தால்தான் மனம் ஆறுவதில்லை.

நேர்மாறான ஒன்றையும் சொல்கிறேன். பிரான்சிஸ் ஆர்னால்டு 2018-இல் வேதியியல் நோபல் பெற்றவர். 2020 ஜனவரியில், தன் குழுவின் கட்டுரை ஒன்றைத் திரும்பப் பெறுவதாக அவரே வெளிப்படையாக அறிவித்தார். முடிவுகளைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை, நோட்டில் முக்கியமான சோதனைகளின் அன்றாடப் பதிவுகள் இல்லை. என் வேலையை நான் ஒழுங்காகச் செய்யவில்லை என்று மன்னிப்பும் கேட்டார். அவர் மேல் இருந்த மரியாதை அதனால் கூடியதே தவிர குறையவில்லை. உங்கள் மகள் தேட வேண்டிய கைடு இப்படிப்பட்டவர்தான். லேப்பில் சேரும் முன்பு எத்தனை கட்டுரை என்று எல்லாரும் விசாரிக்கிறார்கள். அங்கே படித்து முடித்தவர்களிடம், "உங்கள் சோதனை தோற்றபோது அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டால் இன்னும் நன்றாகத் தெரிந்துவிடும்.

சரி, கைடு ஒத்துக்கொள்ளவே இல்லை என்றால்? பேசிய அன்றே, "இன்று நாம் பேசியபடி இந்த மூன்று அளவுகளைப் பற்றி என் புரிதல் இது" என்று பணிவாக ஒரு மின்னஞ்சல் அவருக்கே அனுப்பிவிடட்டும். அப்புறம் டாக்டரல் கமிட்டியில் நம்பிக்கையான ஒருவரிடம் பேசலாம், ஆய்வு நெறிமுறைக்கென்று அதிகாரி இருந்தால் அவரிடம் போகலாம். யார் மேலும் குற்றம் சாட்டாமல், நடந்ததை மட்டும் தேதியோடு சொல்ல வேண்டும். டீடெரிக் ஸ்டாபெல் என்ற புகழ்பெற்ற சமூக உளவியல் பேராசிரியரின் புனைந்த தரவுகளை 2011-இல் வெளியே கொண்டுவந்தவர்கள் அவருடைய துறையிலேயே இருந்த மூன்று இளம் ஆய்வாளர்கள். எடுத்த எடுப்பில் கூச்சல் போடாமல், மாதக்கணக்கில் கவனித்துவிட்டுத்தான் துறைத் தலைவரிடம் போனார்கள்.

இதில் ஆபத்தே இல்லை என்று நான் உங்களிடம் சொல்ல மாட்டேன். கைடை மாற்ற வேண்டி வரலாம், ஒரு வருடம் போகலாம். இருந்தும் அவள் தன் பெயரை அந்தக் கட்டுரையில் போட மறுத்தால் நீங்கள் அவள் பக்கம் நில்லுங்கள். வேலை கிடைக்காது என்று அஞ்ச வேண்டாம். மருந்து நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டில் 'அல்கோவா' என்று ஒரு விதித் தொகுப்பு உண்டு: யார் பதிந்தது என்று தெரிய வேண்டும், படிக்கும்படி இருக்க வேண்டும், அப்போதைக்கப்போதே பதிந்திருக்க வேண்டும், மூலப் பதிவாக இருக்க வேண்டும், பிழையற்றதாக இருக்க வேண்டும். மூன்று புள்ளிக்காகத் தூக்கம் கெட்ட பெண்ணுக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்று இரவு போன் பண்ணுங்கள். "நான் அன்றைக்குச் சொன்னதை மறந்துவிடும்மா" என்று ஆரம்பியுங்கள். அப்புறம் அந்த மூன்று ரீடிங்கும் எந்தத் தேதியில் எடுத்தவை, அன்றைக்கு லேப்பில் என்ன நடந்தது என்று கேளுங்கள். அவள் நோட்டை எடுத்துப் புரட்டும் சத்தம் கேட்டால், கைடிடம் போவதற்கு அவள் தயார் என்று அர்த்தம். அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.