லீவுக்கு மெடிக்கல் காணும், கிளினிக் கொப்பி எதற்கு?

யாழ். நகரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் வாசகி கேட்கிறார்: “மனச்சோர்வுக்கு கிளினிக்கில் மருந்து எடுக்கிறேன். லீவு முடிந்து வேலைக்குப் போனபோது மெடிக்கலோடு (வைத்தியச் சான்றிதழ்) டயக்னோசிஸ் காட்டையும் (நோய் விபர அட்டை) முகாமையாளர் வாங்கினார். அன்று பின்னேரமே அதன் படம் ஊழியர்களின் வட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. இப்போது கிளினிக் கொப்பியின் பிரதியும் கேட்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டுமா?”

கொடுக்க வேண்டாம். நிறுவனத்துக்குத் தெரியவேண்டியவை இரண்டு: உங்களால் எந்தத் திகதி வரை வேலை செய்ய முடியாது, திரும்பி வந்தபின் வேலையில் ஏதாவது மாற்றம் வேண்டுமா. இரண்டையும் வைத்தியரின் சான்றிதழே சொல்லிவிடும். டயக்னோசிஸ் காட்டிலும் கிளினிக் கொப்பியிலும் இருப்பது நோயின் பெயர், மருந்துகள், பரிசோதனை முடிவுகள், சிலவேளை குடும்ப விபரங்கள்கூட. லீவைக் கணக்கு வைப்பதற்கு இவற்றில் ஒன்றுகூடத் தேவையில்லை. இனிமேல் மெடிக்கல் எடுக்கும்போதே, “வேலைத்தளத்துக்குக் கொடுக்கப் போகிறேன், நோய் விபரத்தைச் சுருக்கமாக எழுத முடியுமா?” என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகைத் தரவாக வைத்திருக்கிறது. இதன் பகுதிகள் கட்டம் கட்டமாகவே நடைமுறைக்கு வருவதால், இதை மட்டும் நம்பி இருக்கச் சொல்லமாட்டேன். ஆனாலும் கடிதத்தில் இந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டால் நிறுவனம் கவனிக்கக்கூடும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில்கூட, ஒருவரின் மருத்துவப் பதிவுகளை அவருடைய எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் கொடுக்க மறுக்கலாம்.

குழுவில் போட்டது பெரிய தவறு. “சுகமாகி வர வேண்டும்” என்ற நல்ல எண்ணத்தில் போட்டிருந்தாலும் தவறுதான். எங்கள் ஊரில் மனநல கிளினிக்குக்குப் போகிற செய்தி வேலைத்தளத்தோடு நிற்காது, கலியாணப் பேச்சுவரைக்கும் போகும். அந்தப் பயத்தில் மருந்தை இடையில் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

முதலில் அந்தப் பதிவைத் திகதி, நேரம் தெரிய ஸ்கிரீன்சொட் எடுத்து வையுங்கள். அப்புறம் மனிதவளப் பிரிவுக்கோ நிறுவன உரிமையாளருக்கோ மின்னஞ்சலிலோ கடிதத்திலோ எழுதுங்கள். படத்தை எல்லோரும் அழிக்க வேண்டும், டயக்னோசிஸ் காட்டின் பிரதியை உங்கள் கோப்பிலிருந்து எடுத்துத் திருப்பித் தர வேண்டும், இனிமேல் மெடிக்கலை ஒருவர் மட்டும் பார்த்துப் பூட்டி வைக்க வேண்டும் என்று கேளுங்கள். வாயால் சொன்னதை நாளைக்கு “சொல்லவே இல்லை” என்று விடுவார்கள், அதனால் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

இதைச் சாட்டாக வைத்து ராஜினாமாக் கடிதம் கேட்டால் எழுதிக் கொடுக்காதீர்கள். பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனம், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் அவரின் எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நீங்கள் எழுதிக் கொடுக்கும் ராஜினாமாவை அவர்கள் அந்தச் சம்மதமாகக் காட்டப் பார்ப்பார்கள். வேலையை விட்டு நிறுத்தினால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன்பே யாழ். தொழில் அலுவலகத்தில் போய்க் கதைப்பது நல்லது.

நோய் விபரத்தைச் சொல்லவேண்டிய இடங்களும் இருக்கின்றன. வேலையில் காயப்பட்டு நட்டஈடு கேட்டால் காயத்தின் விபரம் தேவை. வலிப்பு உள்ள சாரதி, தொற்றுநோய் உள்ள சமையற்காரர் விடயத்தில் மற்றவர்களின் பாதுகாப்பும் இருக்கிறது. அங்கும் அந்த வேலையைச் செய்யலாமா என்று வைத்தியர் சொன்னால் காணும். குழு மருத்துவக் காப்புறுதியில் காசு கேட்பதானால் பில்களையும் டயக்னோசிஸ் காட்டையும் மூடிய உறையில் நேரே காப்புறுதி நிறுவனத்துக்கு அனுப்ப முடியுமா என்று முதலே விசாரியுங்கள். பலருக்கு நோய் வெளியில் தெரியவந்தது மனிதவளப் பிரிவின் மேசையில் திறந்து கிடந்த அந்தப் பில்களால்தான்.